வீட்டுக்குச் சொன்ன செய்தி

ஹாலே என்ற பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்மனி என்றால் பெர்லின், மியூனிக். விவரம் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம். "லைப்சிக் பக்கத்துல" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் அப்பாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம தரங்கம்பாடிக்கு வந்து தமிழ்ல பைபிள் அச்சடிச்சாரே சீகன்பால்கு, அவரை அனுப்பிவெச்ச ஊரு" என்று சொல்ல ஆரம்பித்தார். மயிலாடுதுறைக்காரர்களுக்கு அது போதும். சரியாகச் சொல்வதானால் 1705-ல் அவரைக் கப்பலேற்றியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். பின்னால் நின்று ஆளும் பணமும் புத்தகமும் மருந்தும் அனுப்பிக்கொண்டிருந்தது ஹாலே. இந்தத் திருத்தத்தைச் சொல்லி அப்பாவின் நல்ல கதையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் வரலாற்று முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். 2019 அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு ஹாலேயிலுள்ள மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் விசா வேண்டுமென்றால், தங்கப்போகிற மாதங்களுக்கான செலவுத் தொகையை ஒரு முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். மாதாமாதம் அதிலிருந்து நமக்கே பிரித்துத் தருவார்கள். மாதம் 720 யூரோவாக இருந்த தொகை, நான் கிளம்புவதற்குச் சற்று முன்பு, அந்தச் செப்டம்பரில் 853 ஆனது. ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் நான்கு லட்சம் ரூபாய். அம்மாவின் ஆரமும் வளையல்களும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. "படிச்சு முடிச்சு நீயே மீட்டுக் குடு" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

வீட்டுக்குப் பேசும்போது எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதை அந்த நான்கு லட்சம்தான் தீர்மானித்தது. அதனால்தான் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்க இடம் கிடைத்தது ஸாலே ஆற்றுக்கு மேற்கே, ஹாலே-நொய்ஷ்டாட்டில். ஊர்க்காரர்கள் ஹா-நொய் என்பார்கள். லொய்னா, பூனா ரசாயன ஆலைகளின் தொழிலாளர்களுக்காகக் கிழக்கு ஜெர்மனி அரசு 1964-ல் கட்டத் தொடங்கிய நகரம் அது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பூட்டிய அடுக்கு வீடுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே முகம். எனக்கு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வேளாண்மை படிக்கும் ஒரு ஜெர்மன் பெண்ணும், மருந்தியல் படிக்கும் ஒரு சிரியப் பெண்ணும் உடன் இருந்தார்கள்.

எதிர் வீட்டில் தனியாக ஒரு பாட்டி. பூனா ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், எழுபதுகளில் குடிவந்தவர். பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவருக்கு ஆங்கிலம் வராது. என் ஜெர்மனோ தட்டுத்தடுமாறும். ஆனாலும் மாடிப்படியில் நின்று நிறையப் பேசுவார். அந்தக் காலத்தில் இங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாதாம். கட்டடங்களுக்கு எண்கள் மட்டும். அந்த எண்ணுக்குள் ஒரு கணக்கு உண்டு, அது பிடிபடாத விருந்தாளி வீடு வந்து சேரமாட்டான். இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு ஆலைகளில் ஆள் குறைத்தார்கள், இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை பாதியாகிவிட்டது. "வெந்நீரும் வெப்பக் குழாயும் முதலில் எங்களுக்குத்தான் வந்தது, ஹாலேக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்" என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார். இப்போது நொய்ஷ்டாட்டில் குடியிருக்கிறேன் என்றால் நகரத்து மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. வாடகை குறைவு என்பது முதல் காரணம்.

பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய வாரம் புதியவர்களுக்கான அறிமுக வாரம். அக்டோபர் 9, புதன்கிழமை. ஷ்டைன்டோர் வளாகத்தில் நூலகத்தைப் பயன்படுத்தும் முறையை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நண்பகல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய கைப்பேசியும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தது. யாரோ எழுந்து கதவைச் சாத்தினார்கள். வெளியே போக வேண்டாம், ஜன்னல் பக்கம் நிற்க வேண்டாம். சைரன் ஒலி, பிறகு ஹெலிகாப்டர். ரயில் நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அறையில் ஒருவரும் சத்தம் போடவில்லை, ஓடவில்லை. எல்லோரும் தலை குனிந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார்கள். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நான் அடுத்தவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று யூதர்களின் யோம் கிப்பூர் புனித நாள். ஹும்போல்ட் தெருவிலுள்ள ஜெப ஆலயத்தில் ஐம்பது பேருக்கு மேல் வழிபாட்டில் இருந்தார்கள். யூத வெறுப்பு தலைக்கேறிய ஒரு வலதுசாரித் தீவிரவாதி, தானே செய்த துப்பாக்கிகளோடு வந்து கதவைத் தகர்க்கப் பார்த்தான். அதை இணையத்தில் நேரலையாகவும் ஓடவிட்டான். கதவு தாங்கிவிட்டது. வெளியே தெருவில் போன ஒரு பெண்ணைச் சுட்டான். பிறகு லுட்விக் வூஹரர் தெருவிலிருந்த கெபாப் கடைக்குப் போய், அங்கே மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த இருபது வயது இளைஞனைச் சுட்டான். இருவரும் இறந்துவிட்டார்கள். மாணவர்கள் லூவூ என்று செல்லமாகச் சொல்லும் அந்தத் தெரு எங்கள் வளாகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். முந்தைய நாள் அந்த வழியாகப் போய்த்தான் சிம் கார்டு வாங்கியிருந்தேன்.

இரவு அப்பாவிடமிருந்து அழைப்பு. டிவியில் கீழே ஓடியதாம், ஜெர்மனியில் துப்பாக்கிச் சூடு என்று. "உங்க ஊர்ப் பக்கமாம்மா?"

"இல்லப்பா. அது வேற பக்கம்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

அவ்வளவுதான் பேச்சு. சொன்ன இரண்டுமே உண்மையில்லை. அதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா அடுத்த விமானத்தில் என்னைத் திரும்பச் சொல்லியிருப்பாள், நானும் திரும்பியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் நேரத்தில், ஜெப ஆலயத்தின் முன்னால் ஆட்கள் கைகோத்து நின்றார்கள். வீட்டுத் தோழிகளோடு நானும் போனேன். சிரியத் தோழி மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றாள். நான்கு வருடத்துக்கு முன்பு போரிலிருந்து தப்பி அந்த நாட்டுக்கு வந்தவள் அவள். அடுத்த சில வாரங்களுக்கு டிராமில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையாகப் பார்த்து உட்கார்வது என் வழக்கமாயிற்று. ஒருவரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பார்க்கிறவர்களை நானும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

வகுப்புகள் தொடங்கின. அட்டவணையில் பத்து மணி என்று போட்டு, பக்கத்தில் 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத்தான். அந்தக் கால் மணி நேரத் தாமதத்துக்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்து, பல நூறு ஆண்டு மரபு என்கிறார்கள். ஆசிரியர் பேசி முடித்ததும் கைதட்டமாட்டார்கள். மேஜையை விரல்முட்டியால் தட்டுவார்கள். வருகைப் பதிவு கிடையாது. வந்தாயா, படித்தாயா, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. ஆண்டுக்கணக்கில் 75 சதவீத வருகைக்காகப் பயந்து வாழ்ந்தவளுக்கு இது முதலில் சொர்க்கமாக இருந்தது, நவம்பரில் பயமாகிவிட்டது. பருவ முடிவில் எழுதித் தர வேண்டிய ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் மதிப்பெண். தலைப்பையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பெயர் முறையால் வரும் வழக்கமான கூத்தும் நடந்தது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் 'ஃபிராவ்' போட்டுக் கூப்பிட்டார்கள். கடிதங்களில் அப்பா திருமதியாகிவிட்டார். இதை வீட்டுக்குச் சொன்னேன். வீட்டுக்குச் சொல்லத் தகுந்த செய்திகளில் இதுதான் அதிகம் ஓடியது.

கருத்தரங்க வகுப்பு சின்னது, பன்னிரண்டு பேர் இருப்போம். ஆசிரியை நல்லவர், யார் பேசினாலும் குறுக்கிடமாட்டார். ஆனால் சாதி, கோயில், கல்யாணம் என்று எந்தப் பேச்சு வந்தாலும் கடைசியில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பும். "உங்கள் ஊரில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" நான் சென்னை மாணவர் விடுதியில் பார்த்ததையும், எங்கள் பாட்டி சொன்னதையும் சேர்த்து நூற்று முப்பது கோடிப் பேருக்காகப் பதில் சொல்வேன். பதிலை எழுதிக்கொள்வார்கள். எழுதுவதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சீர்செய்து சொல்லத் தோன்றும்; அசிங்கமானதை ஒதுக்கி, அழகானதை முன்னால் தள்ளி.

இந்த உறுத்தலோடுதான் பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே 1698-ல் அநாதை இல்லக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய இடம் அது. பின்னர் பள்ளி, அச்சகம், புத்தகக் கடை, நூலகம் என்று ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. அங்கிருந்த மருந்தகம் மருந்து விற்றுச் சம்பாதித்தது தரங்கம்பாடி வரை பயன்பட்டது. பக்கத்திலேயே கிழக்கு ஜெர்மனிக் காலத்து மேம்பாலம் ஒன்று கட்டடங்களை உரசிக்கொண்டு போகிறது. மாடியில் ஓர் அதிசயப் பொருள் கூடம். கூரையிலிருந்து முதலை தொங்கும், கீழே அலமாரிகளில் உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து அனுப்பிய சாமான்கள். நம்மூர் ஓலைச்சுவடியையும் அங்கே பார்த்தேன். பார்வையாளர்கள் முதலையைத்தான் படமெடுத்தார்கள்.

வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான் அனுமதி. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தனியாக ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். அந்தக் கையெழுத்தில் 'ஈ' எழுத்தும் 'என்' எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் இரண்டு சிறு கோடுகள். 'யூ' எழுத்தைப் பிரித்துக் காட்ட அதன் தலைமேல் ஒரு வளைவு போடுவார்கள். முதலில் ஒரு பக்கம் படிக்க ஒரு பகல் முழுதும் போனது. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்கள். சீகன்பால்கு 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பலேறி 1706 ஜூலை 9-ல்தான் தரங்கம்பாடியில் இறங்கினார். கடிதங்களுக்கும் அதே கப்பல்தான், அதே மாதக்கணக்குதான். ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவர் செத்துப்போயிருக்கலாம்.

அந்தக் கடிதங்களை ஹாலேயில் தொகுத்து அச்சிட்டார்கள். 'ஹாலே அறிக்கைகள்' என்று வழங்கும் அந்தத் தொடர் 1710 முதல் 1772 வரை 108 பகுதிகளாக வந்தது. ஐரோப்பாவின் பக்தர்கள் படித்து உருகிப் பணம் அனுப்புவார்கள். ஆசிரியை எனக்குத் தந்த பயிற்சி எளிமையானது: கையெழுத்துக் கடிதத்தையும் அச்சில் வந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. படித்தேன். கையெழுத்தில் இருந்ததெல்லாம் அச்சில் இல்லை. பிராங்கேயும் அவருக்குப் பின் வந்தவர்களும் வெட்டியிருந்தார்கள். தங்களுக்குள் நடந்த சண்டை போயிற்று, காசில்லாத புலம்பல் தணிந்தது, அதிகாரிகளோடு மோதல் மறைந்தது. அந்த மோதல் சாதாரணமானதும் அல்ல. 1708-ன் இறுதியில் டேனியத் தளபதி சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டிருக்கிறார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி அவர் உழைத்து எழுதி 1713-ல் அனுப்பிய நூலை ஹாலே அச்சிடவே இல்லை. அது 1867-ல் சென்னையில்தான் வெளிவந்தது. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டாம் என்று பதில் போனதாகச் சொல்வார்கள்.

பிராங்கே மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நகை அடகில் இருக்கும்போது எதை எழுதலாம் எதை எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறு ஒரு கட்டு. 1712 முதல் 1714 வரை மதகுருமார்கள் உள்ளூர்த் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். உங்கள் கல்யாணம் எப்படி, உங்கள் வைத்தியம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. 99 கடிதங்கள். ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே அறிக்கைகளில் சேர்த்தார்கள். எழுதியவர்களின் தமிழ் போய்விட்டது. அவர்கள் இன்று ஜெர்மனில்தான் பேசுகிறார்கள். வாசிப்பறையில் உட்கார்ந்து, அந்த ஜெர்மன் வாக்கியத்துக்குப் பின்னால் என்ன தமிழ் இருந்திருக்கும் என்று தாளில் எழுதிப் பார்ப்பேன். சில இடங்களில் சட்டென்று தஞ்சாவூர்க் குரல் கேட்கும்: நீங்கள் நல்லவர்கள்தான், ஆனால் குளிப்பதில்லையே, மாட்டிறைச்சி தின்கிறீர்களே என்கிற தொனி. மற்ற இடங்களில் பதில் வழுவழுவென்று இருக்கும். அங்கே நான் நின்று யோசிப்பேன். எழுதிக்கொள்பவரைப் பார்த்துச் சீர்செய்து சொன்னாரா? மொழிபெயர்த்தவர் சீவிவிட்டாரா? கருத்தரங்க வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கட்டுரைத் தலைப்பு அங்கேதான் கிடைத்தது.

1714-ல் சீகன்பால்கு விடுப்பில் ஐரோப்பா கிளம்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். ஹாலேயின் குளிரை எனக்கு மூன்று நூற்றாண்டு முன்பே பார்த்தவர். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதுதான் என் கண்ணில் பட்டது. அவர் தன் வீட்டுக்கு என்ன சொல்லியனுப்பினார் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு நல்ல செய்தியும் நிறையச் சொன்னேன். 1716-ல் ஹாலேயில் அச்சான சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூலைப் பார்த்ததைச் சொன்னேன். ஹாலேயிலிருந்து போன தமிழ் அச்சு எழுத்துகள் உருவத்தில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால் தரங்கம்பாடியில் சிறியதாக வார்த்துக்கொண்டதையும், காகிதத்துக்காகப் பொறையாரிலேயே ஓர் ஆலை வைத்ததையும் சொன்னேன். பொறையார் என்ற சொல் போதும் அப்பாவுக்கு. பேருந்து நிலையத்து டீக்கடை வரை அந்தக் காகித ஆலை போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற நாளும் அதுவேதான். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி நான் விழித்திருந்து, வீட்டில் நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதைக் காணொளியில் பார்த்தேன். அப்போது இந்தியாவுக்கும் எனக்கும் மூன்றரை மணி வித்தியாசம். தூங்கி எழுந்தால் நாலரை. அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "நேரத்தை எப்படிடி மாத்துவாங்க? யாரு மாத்தறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தால் பேசும் நேரமே குறைந்துபோனது. நான் நூலகத்திலிருந்து வருவதற்குள் அங்கே படுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாணவர் உணவகத்தில் ஒருநாள் பாலில் வேகவைத்த அரிசியில் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவி, அதையே மதியச் சாப்பாடாகத் தந்தார்கள். பாயசத்தை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று அன்று தெரிந்தது. மிளகாய்த்தூளுக்கு லைப்சிக் போவோம், ரயிலில் அரை மணி.

டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சந்தைத் திடலில் கிறிஸ்துமஸ் கடைகள், நடுவில் ஹாலேயில் பிறந்த ஹேன்டலின் சிலை, சுற்றிலும் ஐந்து கோபுரங்கள். படமெடுத்து அனுப்பினேன். இருபதாம் தேதிக்கு மேல் தோழிகள் கிளம்பிவிட்டார்கள். சிரியத் தோழி ஹாம்பர்க்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். நூலகம் மூடியது, கடைகள் மூடின. ஐந்தாம் மாடியில் நான் மட்டும். அழுதேன் என்று சொல்வது மிகை. பேசாமல் இருந்தேன், அது இன்னும் கஷ்டம். எதிர் வீட்டுப் பாட்டி ஒரு தட்டில் மாச்சில்லுகள் கொண்டுவந்து தந்து, குப்பைத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்து வைப்பது இந்த வாரம் என் முறை என்பதையும் நினைவூட்டிவிட்டுப் போனார். அம்மா தினமும் பனி விழும் படம் கேட்டாள். அந்தக் குளிர்காலம் ஜெர்மனியில் வழக்கத்துக்கு மாறான வெதுவெதுப்பு. படமெடுக்கிற அளவுக்குப் பனி கண்ணில் படவே இல்லை. பனியில்லாத ஜெர்மனியை அம்மா நம்பவில்லை. நான் எங்கேயோ வேறு ஊரில் இருக்கிறேன் என்று சந்தேகப்பட்டாள்.

அதே சமயத்தில் அப்பா இரண்டு மூன்று நாள் போனுக்கு வரவில்லை. கும்பகோணத்தில் கல்யாணம், அங்கே சத்தமாக இருக்கிறது என்றாள் அம்மா.

பிப்ரவரி தொடக்கத்தில் வகுப்புகள் முடிந்து, அந்த மாதக் கடைசியில் ஊர் திரும்பினேன். ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் மாத்திரைகள். காலை இத்தனை, இரவு இத்தனை என்று அம்மாவின் கையெழுத்து. அப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் கல்யாணமே நடக்கவில்லை. "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

கட்டுரையை மார்ச் கடைசிக்குள் தர வேண்டும். ஊரடங்கு வந்து, மயிலாடுதுறை அடங்கிக் கிடந்தபோது மாடி அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மதிப்பெண் 1.7 என்று வந்தது. அங்கே ஒன்றுதான் உச்சம், நாலைத் தாண்டினால் தோல்வி. அப்பாவிடம் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. "பத்துக்கு ஒண்ணே முக்காலாம்மா?" விளக்கி முடித்ததும் டீக்கடையில் என்ன சொல்வது என்று யோசித்தார். முதல் வகுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

ஹாலே குற்றவாளிக்கு மக்டேபுர்கில் கூடிய நீதிமன்றம் 2020 டிசம்பர் 21-ல் ஆயுள் தண்டனை விதித்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, தினசரியில் மூலையில் ஒரு சிறு செய்தி. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"ஹா...லே. இது உன் ஊருதானேடி? போன அக்டோபருக்கு முந்தின அக்டோபர். நீ அங்கதானே இருந்த?"

"ஆமாம்மா."

"எவ்வளவு தூரம்?"

"நடந்து போற தூரம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா செய்தித்தாளின் இன்னொரு தாளை விரித்துப் பிடித்திருந்தார். அவர் விரித்துப் பிடித்த வேகத்திலேயே எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாளே வரைபடத்தில் பார்த்திருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை, தனக்குத் தெரியும் என்று என்னிடமும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்று அம்மா எழுந்தாள்.

"நீங்க ஸ்டென்ட் வெச்சதைச் சொன்னீங்களா?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எப்படி வேறு என்று இன்றுவரை விளக்கவில்லை.